மெட்டியும் மெட்டும்



"கம்பெனிப் பொண்ணுங்க" என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. காய்கறிக் கடையில், பஸ் ஸ்டாப்பில், ஏன், கோயில் பிரகாரத்தில்கூட இதைக் கேட்கலாம். சொல்லும்போதே உதடு லேசாகக் கோணும். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிறார்கள், லீவு நாளானால் ஜீன்ஸ் போடுகிறார்கள், மொட்டை மாடியில் நின்று போனில் யாரோடோ சிரிக்கிறார்கள், ஆகவே கெட்டுப் போய்விட்டார்கள்! குற்றச்சாட்டு மூன்று, தீர்ப்பு மட்டும் ஒன்று. இந்தத் தீர்ப்பை வழங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள்தான். அதனால்தான் பெண்கள் படிக்கிற இந்தப் பகுதிக்கு எழுத நினைத்தேன்.

நான் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து வளர்ந்தவள். தினமும் பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் போய் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டு மாடி போர்ஷனில் ஆறு பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். நான்கு பேர் விழுப்புரம், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சிப் பக்கம். இரண்டு பேர் ஒடிஸா. எல்லோரும் ஷிஃப்ட் வேலை. எனக்கும் அவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே வயசுதான். நான் புத்தகப் பையோடு கிளம்பும்போது அவர்கள் சாப்பாட்டுப் பையோடு திரும்பி வருவார்கள். படிக்கட்டில் எதிரெதிரே பார்த்துக்கொள்கிற பழக்கத்தில் வளர்ந்ததுதான் எங்கள் சிநேகம்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் இரண்டு விஷயம்தான் தெரியும். ஒன்று, ராமானுஜர் அவதரித்த ஊர். இன்னொன்று, 1991 மே 21ஆம் தேதி ராஜீவ் காந்தி உயிர்விட்ட ஊர். அதற்குப் பிறகு வந்த மாற்றத்தை நாங்கள் பக்கத்திலிருந்து பார்த்தோம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளியே வந்தது. 2006இல் நோக்கியா தொழிற்சாலை வந்து, 2014 நவம்பரில் மூடப்பட்டது. அங்கே வரிசையில் நின்று போன் செய்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பிறகு சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் என்று போகிற வழியெல்லாம் கம்பெனி. அதிகாலையில் சாலையில் பார்த்தால் கம்பெனி பஸ்கள் ரயில் பெட்டி மாதிரி வரிசையாகப் போகும்.

ராத்திரி ஷிஃப்டுக்குப் பெண்கள் போவதைப் பார்த்து அங்கலாய்ப்பவர்களுக்கு ஒரு தகவல். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி, இரவு 7 மணியிலிருந்து காலை 6 மணி வரை பெண்களை வேலை வாங்கக்கூடாது என்று இருந்தது. அந்தத் தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000இல் தீர்ப்புச் சொன்னது. போகவர வண்டி வேண்டும், பாதுகாப்பு வேண்டும் என்ற நிபந்தனைகளோடுதான். ஆக, ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பெண் தெருவில் பஸ்ஸுக்கு நிற்கிறாள் என்றால், கோர்ட் வரை போய்ப் பெற்ற உரிமையில் நிற்கிறாள்.

சரி, பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் இந்தப் பெண்களைப் புரிந்துகொள்ள இதுதான் நல்ல வாசல்.

வேலை நேரத்தில் போன் கிடையாது. உள்ளே போகும்போதே லாக்கரில் வைத்துவிட வேண்டும். எட்டு மணி நேரம், ஓவர்டைம் இருந்தால் அதற்கும் மேலே, ஒரே இடத்தில் நின்று, ஒரே வேலையை, ஒரே மாதிரி செய்ய வேண்டும். காதில் விழுவது மெஷின் சத்தம் மட்டும்தான். வெளியே வந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முதலில் கை போவது காதுக்குத்தான். மாடியில் இருக்கும் திருவண்ணாமலைப் பெண் ஒரு நாள் சொன்னாள்: "காலேஜ்ல நீங்க பாட்டு கேக்கறது பொழுதுபோக்குக்கு. நான் கேக்கறது, நான் மனுஷிதான்னு திரும்ப ஞாபகப்படுத்திக்க." மெத்தப் படித்தவர்கள் இதையே நாற்பது பக்கம் எழுதுவார்கள்.

அவள் கேட்பது எல்லாம் இளையராஜா. அவள் அப்பா கேட்ட பாட்டு. அடுத்த கட்டிலில் இருப்பவளுக்குக் கானா. ஒடிஸாப் பெண்கள் இருவரும் சம்பல்பூரிப் பாட்டுப் போடுவார்கள். அதில் வருகிற தாளத்தைக் கேட்டால் நம் ஊர்த் திருவிழா மேளம் மாதிரியே கால் தானாக ஆடும். இன்னொருத்திக்குக் கொரியப் பாட்டுதான் உயிர். எங்கள் ஊரில் கொரியாக்காரர்கள் வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கடைப் பலகைகளில்கூடக் கொரிய எழுத்து உண்டு. அவர்களும் 'அப்பா' என்றுதான் அப்பாவைக் கூப்பிடுகிறார்களாம், அம்மாவுக்கு 'ஓம்மா'. நாடகத்தில் இதைக் கேட்டுவிட்டு இவள் ஒரு வாரம் எல்லோரையும் 'ஓம்மா' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் அம்மாவுக்குக் கோபம் வந்ததா என்றால், இல்லை. சமையலறையில் யாருக்கும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

என் அம்மாவின் கதையைக் கேளுங்கள். 1992இல் 'ரோஜா' வந்தபோது அம்மாவுக்குப் பதினைந்து வயது. ஒரு முழுத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போய், கேசட் கடையில் கொடுத்து, காலி கேசட்டில் பதிவு செய்து வாங்கி வருவாராம். ஏ பக்கம் ஆறு பாட்டு, பி பக்கம் ஆறு பாட்டு. நாடா சிக்கினால் பென்சிலைச் செருகிச் சுற்ற வேண்டும். பாட்டி அதைக் கேட்டுவிட்டு, "தகரத்தைத் தட்டற மாதிரி இருக்கு, இதுவா பாட்டு?" என்பாராம். அந்தப் பாட்டிக்குச் சிலோன் ரேடியோவின் 'பொங்கும் பூம்புனல்' கேட்காமல் காலைக் காப்பி இறங்காது. பாட்டியின் மாமியார், "வீட்டுப் பொம்பளைக்கு ரேடியோ எதுக்கு?" என்று கேட்டவராம். ஆக, எங்கள் வீட்டில் நான்கு தலைமுறையாக இளையவளின் பாட்டு மூத்தவளுக்குத் தகரச் சத்தம்தான். இதில் யார் கெட்டுப் போனார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது உடை. ஆறு நாளும் இந்தப் பெண்களுக்குச் சொந்த உடை என்று எதுவும் கண்ணில் படாது. மேலே ஓவர்கோட், தலையில் முடி வெளியே தெரியாமல் தொப்பி, காலுக்குத் தனிச் செருப்பு. எல்லோரும் ஒரே அச்சு. பூ வைக்க முடியாது, வளையல் போட முடியாது. சிலர் ஹேர்பின்னைக்கூட மறந்து வைத்துக்கொண்டு போய், சோதனை வாசலில் மணி அடித்து, திரும்பி வந்து எடுத்து வைத்துவிட்டுப் போவார்களாம். இப்படி ஆறு நாள் நின்ற பெண், ஏழாவது நாள் தனக்குப் பிடித்த கலரில் ஒரு சுடிதாரோ ஜீன்ஸோ போட்டு, காதில் பெரிசாக ஜிமிக்கி மாட்டிக்கொண்டு பஜாருக்குப் போனால் அது அலட்டலா? தன் முகத்தைத் தானே ஒரு முறை பார்த்துக்கொள்கிறாள், அவ்வளவுதான்.

இதைச் சொன்னால் எங்கள் தெருப் பெரியம்மா ஒருவர், "நம்ம கலாசாரம் என்னாவறது?" என்பார். மார்கழி முப்பது நாளும் விடியற்காலையில் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர் அவர். ஆதிகேசவப் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டுத்தான் எங்கள் தெருவே கண் விழிக்கும். அந்தத் திருப்பாவையைப் பாடியவள் யார்? சாமிக்குக் கட்டிய மாலையை முதலில் தான் சூட்டிக்கொண்டு, அழகாக இருக்கிறதா என்று கிணற்றுத் தண்ணீரில் பார்த்துக்கொண்ட பெண்! யாரை மணப்பது என்று தானே முடிவு செய்து, அதைப் பாட்டாகவும் பாடி ஊரறியச் சொன்ன பெண்! அலங்காரம், பாட்டு, காதல் மூன்றும் அவளிடம் இருக்கின்றன. எங்கள் ஊர் ராமானுஜருக்கோ 'திருப்பாவை ஜீயர்' என்றே பெயர். ஆண்டாள் அழகருக்கு நேர்ந்துகொண்டு செலுத்த முடியாமல் போன நூறு தடா வெண்ணெயையும் நூறு தடா அக்கார அடிசிலையும் அவர் செலுத்திவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது, அவள் அவரை "அண்ணா" என்று அழைத்ததாகச் சொல்வார்கள். ஒரு பெண்ணின் ஆசையைப் பல நூற்றாண்டு கழித்து நிறைவேற்றி வைத்த அண்ணன் பிறந்த ஊர் இது. மாடிப் பெண்ணின் ஜிமிக்கிக்கு இங்கே இடமில்லையா?

பெரியம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். "ஆண்டாளும் இவளுங்களும் ஒண்ணா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். மேற்கொண்டு நான் பேசவில்லை, பெரியவர்.

இனி மெட்டி, தாலிக்கு வருகிறேன். 2024 ஜூன் மாதம் உலகமே எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தது. ஐபோன் செய்கிற ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. குடும்பப் பொறுப்பு, பிள்ளைப்பேறு, அடிக்கடி லீவு, இவற்றோடு கல்யாணமான பெண்கள் போடும் நகையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டதாம். உடனே 1976ஆம் வருஷத்துச் சம ஊதியச் சட்டத்தைச் சுட்டிக்காட்டி, மாநில அரசிடம் மத்திய தொழிலாளர் அமைச்சகம் அறிக்கை கேட்டது. புதிதாக எடுத்த பெண்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் திருமணமானவர், உலோகம் கூடாது என்ற விதி ஆண் பெண், மதம் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் பொது என்று கம்பெனி தரப்பில் அரசிடம் விளக்கம் சொன்னதாகச் செய்தி வந்தது. அதே வருஷம் நவம்பரில், ஆள் எடுக்கும் விளம்பரங்களில் வயசு, திருமணம், ஆணா பெண்ணா என்பதையெல்லாம் எழுதக்கூடாது என்று ஏஜென்ட்டுகளுக்குக் கம்பெனி சொல்லிவிட்டதாகவும் அதே ராய்ட்டர்ஸ் எழுதியது.

உலோகம் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. நுணுக்கமான மின்னணுப் பொருள் செய்கிற இடத்தில் ஒரு சின்னக் கீறல், உடம்பிலிருந்து பாய்கிற துளி மின்சாரம் போதும், சாமான் வீணாகிவிடும். அதற்காகவே கையில் ஒரு பட்டையைக் கட்டி, ஒயரால் பூமியோடு இணைத்துவிட்டுத்தான் வேலை செய்ய வைப்பார்கள். ஆனால் மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு வா என்பது ஒன்று. மெட்டி போட்டவளே வராதே என்பது வேறு. யார் சொன்னாலும் இரண்டாவது தவறு. எந்தக் கம்பெனி வாசலிலாவது ஆண்பிள்ளையைப் பார்த்து, "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா, குழந்தை எத்தனை?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியதுண்டா? அவனுக்குக் கல்யாணம் ஆனால் 'பொறுப்பு வந்துடுச்சு' என்பார்கள். அவளுக்கு ஆனால் 'பொறுப்பு கூடிடுச்சு' என்பார்கள். ஒரே கல்யாணம்தானே!

இதில் நம் பங்கும் இருக்கிறது சகோதரிகளே. "தாலியைக் கழட்டி வெச்சுட்டு வேலைக்குப் போறதா? அப்படி ஒரு சம்பளம் நமக்கு வேணாம்" என்று சொல்கிற மாமியார்கள் இல்லையா? ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆடி மாதம் கையில் காசில்லாமல், ஸ்கூல் ஃபீஸுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் தாலிக் குண்டும் சரடும் அடகுக் கடைக்குப் போகாத வீடு எத்தனை? மஞ்சள் கிழங்கை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு, மீட்கிற வரைக்கும் சமாளித்தவர்கள்தானே நம் அம்மாக்கள்? அப்போது எந்தப் புருஷனுக்கும் எதுவும் ஆகிவிடவில்லை. சேட்டுக் கடை லாக்கரில் இருக்கலாம், தன் சொந்தப் பெட்டியில் எட்டு மணி நேரம் இருக்கக்கூடாதா? ஸ்கேன் எடுக்கும்போது கழற்றுகிறோம். ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் கழற்றுகிறார். வேலை என்றால் மட்டும் ஏன் இத்தனை பயம்?

காதலைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் முழுசாகாது. இருபது, இருபத்திரண்டு வயசுப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஊரை விட்டு வந்து தங்கியிருக்கிறார்கள். பக்கத்துக் கம்பெனியில் அதே வயசுப் பையன்கள். காதல் வராது என்று நினைப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து இந்தக் காதல்களில் பெரும்பாலானவை சினிமாவில் வருவது மாதிரி இல்லை. அவன் ஷிஃப்ட் முடியும்போது இவளுக்கு ஆரம்பம். நேரில் பார்ப்பது மாதத்தில் ஒரு நாள், பஸ் ஸ்டாண்டில் டீ. மீதியெல்லாம் போன்தான். பேசுவதும், தம்பி காலேஜ் ஃபீஸ், அப்பாவின் கடன், சீட்டுப் பணம் எப்போது எடுப்பது, இவைதான். எனக்குச் சில சமயம் பொறாமையாகக்கூட இருக்கும். என் வகுப்பில் காதலிக்கிறவர்கள் இவ்வளவு கணக்கு வழக்கோடு பேசி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குத் தெரிந்ததும் வரும் முதல் கேள்வி இருக்கிறதே, அதுதான் கொடுமை. பையன் நல்லவனா, குடிக்கிறானா, வேலை நிரந்தரமா என்பதெல்லாம் பிறகு. முதலில், "என்ன ஆளுங்க?" திருக்கோஷ்டியூர் கோபுரத்தின் மேல் ஏறி நின்று, இன்னார் இனியார் என்று பார்க்காமல் எல்லோருக்கும் மந்திரத்தைச் சொன்னவர் பிறந்த ஊரில் நின்றுகொண்டுதான் இந்தக் கேள்வியைக் கேட்கிறோம். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சரியில்லை என்று ராத்திரியோடு ராத்திரியாகப் பெண்ணை ஊருக்கு அழைத்துப் போனதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அப்படிப் போனவர்கள் வேலைக்குத் திரும்பவில்லை. அவர்களுடைய பக்கெட்டும் பாயும் எங்கள் மாடியில் ரொம்ப நாள் கிடந்தன.

பெண் சம்பாதிப்பது எதற்கு என்பதிலும் நமக்கு ஒரு தெளிவு வேண்டும். கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்று ஒன்று இருந்தது. மூன்று வருஷம் வேலை செய்தால் முடிவில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. பெயரிலேயே எல்லாம் தெரிகிறதே! பெண்ணின் உழைப்பு தாலி வாங்கத்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நம் அரசாங்கமும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தது. 1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய் என்று தொடங்கினார்கள். அதிலும் எட்டாவது வரை படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது புத்திசாலித்தனம். பிறகு தொகை ஏறியது, 2011இல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022 செப்டம்பரில் அதை மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 'புதுமைப் பெண்' திட்டம் ஆக்கினார்கள். அப்போது நான் டிகிரி இரண்டாம் வருஷம். தாலிக்கு என்று இருந்த பணம் என் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் வந்தது. சிலர், "ஏழை வீட்டுக் கல்யாணம் என்னாகும்?" என்று வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தம் பொய்யில்லை. ஆனால் கையில் படிப்பு இருக்கிற பெண்ணால் தாலிக்கான தங்கத்தைத் தானே வாங்கிக்கொள்ள முடியும் என்பது என் கட்சி.

எனக்கும் ஜாதகம் எடுத்துவிட்டார்கள். போன மாதம் வந்தவர்கள் நல்ல மாதிரிதான். பஜ்ஜி சாப்பிட்டார்கள், பாடச் சொன்னார்கள், பாடினேன். போகும்போது, "வேலைக்குப் போறதா இருந்தா டீச்சர் வேலைன்னா சரி, நேரத்துக்கு வீட்டுக்கு வந்துடலாம்" என்றார்கள். எனக்கும் கல்லூரி ஆசிரியராகும் ஆசைதான். ஆனால் அது எனக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் பிடிக்கும் என்பதால், நாலு மணிக்கு வந்து காப்பி போடலாம் என்பதற்காக இல்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் பேப்பரை மடித்துவிட்டு, "சரிம்மா, யோசிக்கலாம்" என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

வீட்டு உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் ராத்திரி ஒன்பதரைக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவுக்கு மேல் வருகிற பெண்கள் வெளியிலேயே நின்று கெஞ்ச வேண்டும். வாடகை வாங்கும்போது ஷிஃப்ட் வேலை என்று தெரியாதா? ஒரு அறையில் எட்டுப் பேர், ஒரே பாத்ரூம், தண்ணீருக்கு மணிக்கணக்கு. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் சக தொழிலாளிகள் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, பெண்கள் நூற்றுக்கணக்கில் சென்னை - பெங்களூரு சாலையில் உட்கார்ந்தார்கள். அன்றைக்குத்தான் பலருக்கு இத்தனை பெண்கள் இங்கே இருக்கிறார்கள் என்பதே தெரிந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும்படி பெரிய விடுதி திறந்தார்கள். நல்ல காரியம். ஆனாலும் அதற்கு வெளியே, எங்களைப் போன்றவர்கள் வீட்டு மாடிகளில், கணக்கில்லாமல் இருக்கிறார்கள். என் அம்மா ஒரு காரியம் செய்தார். கேட்டுக்கு இன்னொரு சாவி போட்டு மாடிக்குக் கொடுத்துவிட்டார். செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

கடைசியாக வாசகியரிடம் ஓர் உதவி. இளையராஜா பாட்டுக் கேட்கும் அந்தத் திருவண்ணாமலைப் பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். விரும்பியவனையே இரண்டு வீட்டிலும் சம்மதிக்க வைத்துவிட்டாள், பெரிய சாமர்த்தியக்காரி. வேலையை விடச் சொல்லி மட்டும் மாமியார் வீட்டில் பேச்சு நடக்கிறது. "ஷிஃப்ட் வேலை செஞ்சுக்கிட்டு குடும்பம் நடத்துறவங்க யாராச்சும் இருந்தா எப்பிடின்னு கேட்டுச் சொல்லுங்க அக்கா" என்று என்னிடம் கேட்டிருக்கிறாள். ராத்திரி ஷிஃப்ட் வாரத்தில் சமையலை யார் பார்ப்பது, குழந்தை பிறந்த பிறகு யாரிடம் விட்டீர்கள், மாமியாரிடம் எப்படிப் பேசினீர்கள், மெட்டியை எங்கே கழற்றி வைத்தீர்கள், இதெல்லாம் எனக்கு அனுபவம் இல்லாத விஷயம். அனுபவப்பட்ட சகோதரிகள் இந்தப் பகுதிக்கே எழுதினால் அவளிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவேன். மார்கழிக்குள் எழுதினால் நல்லது.

- ஒரு முதுகலை மாணவி, ஸ்ரீபெரும்புதூர்.